கான் வழியே வந்த நீர்: ஊவா மலைச்சரிவொன்றின் இடவிளக்கப்பட அளவீடு

பின்னணி

பதுளை மாவட்டத்தின் மேற்கே, உமா ஓயாவுக்கு நீர் தரும் மலைச்சரிவுகளில் ஒன்றில் இந்த அளவீடு நடைபெற்றது. நீர்ப்பங்கீடு தொடர்பான சில விடயங்கள் இன்னும் தீராதிருப்பதால் ஊரின் பெயரும் அங்குள்ளோரின் பெயர்களும் இங்கே தவிர்க்கப்படுகின்றன. அளக்கப்பட்ட பரப்பு ஏறக்குறைய 180 ஹெக்டேயர். ஏறத்தாழ 1,450 மீற்றர் உயரத்தில் யூக்கலிப்டஸ் தோப்பும் கைவிடப்பட்ட தேயிலையும் உள்ளன. அதற்குக் கீழே குத்தகைக் கம்பனியொன்றின் தேயிலை மலைகளும் லயக் குடியிருப்புகளும், நடுச்சரிவில் கரட், லீக்ஸ், கோவா பயிரிடும் மரக்கறித் தோட்டங்களும், 1,150 மீற்றரளவில் பள்ளத்தாக்கின் அடியில் படிவயல்களும் அமைந்துள்ளன. அந்த வயல்களில் பெரும்போகத்தில் நெல்லும் சிறுபோகத்தில் உருளைக்கிழங்கும் செய்கைபண்ணப்படுகின்றன. ஊவாவின் இந்தப் பக்கத்துக்கு மழை பெரும்பாலும் ஒக்டோபர் முதல் ஜனவரி வரையிலேயே கிடைக்கிறது. ஜூன் முதல் செப்டெம்பர் வரை வீசும் தென்மேற்குக் காற்று மேற்குச் சரிவுகளில் மழையை இறக்கிவிட்டு இங்கே வறண்டே வருகிறது. ஆகவே உருளைக்கிழங்குக்கான நீர், தேக்கி வைத்த நீராக இருந்தாக வேண்டும்.

சரிவில் இரண்டு ஓடைகள் இறங்குகின்றன. இந்த ஆய்வில் அவற்றைக் கிழக்கோடை, மேற்கோடை என்று குறிப்பிடுவோம். கிழக்கோடையின் தலைப்பில், தேயிலைத் தொழிற்சாலைக்காகத் தோட்டம் முற்காலத்தில் கட்டிய கருங்கல் அணையுடன் மேல்தேக்கம் உள்ளது. தொழிற்சாலை மூடப்பட்டு நீண்ட காலமாகிவிட்டது. மேற்கோடையின் குறுக்கே ஊரார் எழுப்பிய மண் அணையுடன் நடுத்தேக்கமும், இரு ஓடைகளும் கூடும் இடத்தில் சிறிய அணைக்கட்டுடன் கீழ்த்தேக்கமும் உள்ளன.

கிழக்கு வயல்காரர்களின் முறைப்பாடு, மேல்தேக்கம் முன்புபோல் நிரம்புவதில்லை என்பது. ஒக்டோபர் மாதத்திலேயே வான் பாய்ந்த (நிரம்பி வழிந்த) தேக்கம் இப்போது டிசெம்பர் வரை காத்திருக்க வைக்கிறது என்றனர். மேலே உள்ள மரக்கறித் தோட்டக்காரர்கள் மோட்டார் வைத்து இறைப்பதே காரணம் என்று ஒரு சாராரும், அணை கசிகிறது என்று மற்றொரு சாராரும் கூறினர். மேல்தேக்கத்திலிருந்து கிழக்கு வயல்களுக்குப் புவியீர்ப்பில் நீர் கொண்டுசெல்லும் குழாய்த்திட்டம் ஒன்றும் தயாராக இருந்தது. அதற்குப் பணம் செலவிடுமுன் சரியான இடவிளக்கப்படம் ஒன்று வேண்டும் என்று விவசாய அமைப்பு கேட்டதிலிருந்தே இந்தப் பணி தொடங்கியது.

கையில் இருந்த படங்கள்

நில அளவைத் திணைக்களத்தின் 1:50,000, 1:10,000 அளவுத்திட்டத் தாள்கள் முதலில் எடுத்துக்கொள்ளப்பட்டன. அவை தம் நோக்கத்துக்கு ஏற்றவையே. ஆனால் 1:50,000 தாளில் ஒரு மில்லிமீற்றர் நிலத்தில் 50 மீற்றர் ஆகும் என்பதால், ஒரு காலடியில் தாண்டக்கூடிய ஓடையையும் அதன் கரையிலுள்ள கால் ஏக்கர் தோட்டத்தையும் அங்கே தேடுவது பொருத்தமற்றது. 1:10,000 தாள் இரு ஓடைகளையும் மூன்று தேக்கங்களில் இரண்டையும் காட்டியது.

குழாய்த்திட்டம் வேறொரு தரவை நம்பியிருந்தது. 2000 பெப்ரவரியில் விண்ணோடத்திலிருந்து ரேடார் மூலம் எடுக்கப்பட்டு இன்று இலவசமாகக் கிடைக்கும் எஸ்ஆர்டிஎம் உயரத் தரவே அது. அதில் ஒவ்வொரு சதுரமும் ஏறத்தாழ 30 மீற்றர் பக்கமுடையது. நூற்றுக்கு 40 சரிவுள்ள நிலத்தில் 30 மீற்றர் தூரத்துக்குள் நிலம் 12 மீற்றர் இறங்கிவிடும். அந்த 12 மீற்றரும் ஒரே எண்ணாகச் சுருங்குகின்றது. சிறிய குன்றும் குறுகிய பள்ளமும் அந்தச் சராசரிக்குள் மறைந்துபோகும். திட்டத்தின் நீள்வெட்டுப் படத்தில் குழாய் மேலிருந்து கீழ்வரை தடையின்றி இறங்குவதாகத் தெரிந்ததற்கு இதுவே காரணம். பெரிய ஆற்றுப்படுகைகளை ஒப்பிட இத்தரவு சிறந்தது. ஒரு குழாயின் பாதையைத் தீர்மானிக்க அதைப் பயன்படுத்தியிருக்கக் கூடாது.

ஆயங்களும் உயரத்தின் அடிப்படையும்

பழைய காணிப் படங்கள் சில விவசாயிகளிடம் இருந்தன. அவற்றின் ஆயங்கள் (இடத்தைக் குறிக்கும் எண்கள்) பழைய தேசிய வலையிலும், புதிய தாள்கள் 1999ஆம் ஆண்டின் இலங்கை அளவை அடிப்படையிலும் இருந்தன. இரண்டுக்கும் தொடக்கப்புள்ளி பிதுருதலாகல மலையை ஒட்டியே உள்ளது. ஆனால் பழையதில் அப்புள்ளிக்கு 200,000 மீற்றர் என்றும் புதியதில் 500,000 மீற்றர் என்றும் செயற்கை மதிப்பு தரப்பட்டுள்ளது. 300,000ஐக் கூட்டினால் போதும் என்ற வழக்கம் களத்தில் பரவலாக உண்டு. வலையமைப்பே மீளக் கணிக்கப்பட்டதால் அப்படிக் கூட்டிய பின்பும் சிறு விலகல் எஞ்சும். காணி எல்லை பேசும் இடத்தில் அந்த விலகல் சிறிதாக இராது. எனவே பழைய படங்களின் மூலைக்கற்களில் இன்னும் நிலத்தில் இருப்பவற்றைத் தேடி அளந்து, அவற்றின் துணையுடன் படங்களைப் பொருத்துவது என்று முடிவு செய்யப்பட்டது.

உயரத்தில் சிக்கல் வேறுவிதமானது. செயற்கைக்கோள் வாங்கிகள் தருவது கணித நீள்வட்டக் கோளத்துக்கு மேலான உயரம். தாள்களில் இருப்பது சராசரிக் கடல் மட்டத்துக்கு மேலான உயரம். இலங்கைக்குத் தெற்கே இந்து சமுத்திரத்தில், புவியின் ஈர்ப்புமட்டப் பரப்பு (சராசரிக் கடல் மட்டத்தை ஒத்த பரப்பு) அந்தக் கோளத்துக்கு 100 மீற்றருக்கும் மேல் தாழ்ந்திருக்கிறது. உலகிலேயே அது மிகத் தாழ்ந்த இடம். அதன் அயலிலுள்ள நம் நாட்டில், திருத்தப்படாத வாங்கி காட்டும் உயரம் தாள் காட்டுவதைவிட 90 மீற்றருக்கும் மேல் குறைவாக இருக்கும். ட்ரோன் இயக்குநர் கொடுத்த முதல் வெளியீட்டில் மேல்தேக்கம் நடுத்தேக்கத்தின் சமவுயரக்கோட்டுக்கும் கீழே விழுந்திருந்தது இதனால்தான். இத்தனை பெரிய வேறுபாடு உடனே கண்ணில் படும் என்பதால் அது அவ்வளவு ஆபத்தானதல்ல. ஒரே குழாயின் தலைப்பு உயரத்தைத் தாளிலிருந்தும் வால் உயரத்தை வாங்கியிலிருந்தும் எடுத்தால்தான் உண்மையான ஆபத்து.

மூன்று தேக்கங்களின் அணைகளிலும் கொங்கிரீற்றில் பதித்த குறிக்கற்கள் அமைக்கப்பட்டு, அவற்றின் உயரங்கள் ஒரே அடிப்படையில் பெறப்பட்டன. கிடைமட்டமாக நோக்கி உயர வேறுபாட்டைக் காணும் லெவல் கருவியால் எல்லாவற்றையும் அளப்பது பற்றி முதலில் பேசப்பட்டது. 4 மீற்றர் அளவுகோலை வைத்துக்கொண்டு நூற்றுக்கு 40 சரிவில் இறங்கினால், கருவியை ஒரு முறை நிறுத்தும்போது முன்னும் பின்னும் சேர்த்து 10 மீற்றர் தூரம்கூடக் கிடைக்காது. 300 மீற்றர் இறங்குவதற்கு எழுபத்தைந்துக்கும் மேற்பட்ட நிறுத்தங்கள் தேவைப்படும், ஒவ்வொன்றிலும் சிறு வழு சேரும். ஆகவே செங்குத்தாக இறங்கும் பகுதிகளுக்கு, கோணமும் தூரமும் அளக்கும் டோட்டல் ஸ்டேஷனால் இருபுறமும் மாறி மாறி நோக்கி உயரம் கணிப்பது என்றும், குழாயும் நீர்வழியும் மிக மெல்லிய சரிவில் செல்லும் பகுதிகளுக்கு மட்டும் லெவல் கருவியைப் பயன்படுத்துவது என்றும் தீர்மானிக்கப்பட்டது. 4 கிலோமீற்றர் நீளமான லெவல் சுற்று, கிலோமீற்றரிலான தூரத்தின் வர்க்கமூலத்தை 12 மில்லிமீற்றரால் பெருக்கும் வழக்கமான விதிப்படி 24 மில்லிமீற்றருக்குள் மூட வேண்டும்; அதாவது தொடங்கிய புள்ளிக்குத் திரும்பும்போது உயர வேறுபாடு அதற்கு மேல் இருக்கக் கூடாது. அது அதற்குள்ளேயே மூடியது.

வானிலிருந்து தெரிந்ததும் தெரியாததும்

ட்ரோன் பறப்புகள் உரிய அனுமதியுடன் வறட்சிக் காலத்தின் காலை வேளைகளில் நடத்தப்பட்டன. பத்து மணிக்குப் பின் காற்று பறக்க விடவில்லை. ஒரே உயரத்தில் பறந்தால் உச்சியில் படங்கள் மிக நெருக்கமாகவும் பள்ளத்தாக்கில் மிகத் தொலைவாகவும் அமைந்துவிடும் என்பதால், சரிவுக்குக் குறுக்காகப் பட்டைகளாகப் பிரித்து ஒவ்வொரு பட்டையிலும் நிலத்துக்கேற்ப உயரம் மாற்றப்பட்டது.

ட்ரோன் படங்களிலிருந்து கணினி உருவாக்கிய நிலவடிவ மாதிரி, படிவயல்களிலும் அறுவடை முடிந்த மரக்கறி நிலங்களிலும் மிக நன்றாக இருந்தது. கவ்வாத்து முடிந்த தேயிலை மலைகளில் அது ஓரளவு ஏற்கத்தக்கதாக இருந்தது. மானாப்புல் வளர்ந்த கைவிட்ட மலைகளில் புல்லின் மேற்பரப்பே நிலமாகப் பதிவானது. அந்தப் புல் ஓர் ஆளை மறைக்கும் உயரமுடையது.

ஓடைகளில் நிலைமை முற்றிலும் தலைகீழானது. ஓடையின் இரு கரையிலும் மூங்கிலும் மரங்களும் அடர்ந்திருந்ததால், பள்ளமாக இருக்க வேண்டிய இடம் மாதிரியில் நீண்ட மேடாக எழுந்து நின்றது. சமவுயரக்கோடு ஓடையைக் கடக்கும்போது அதன் முனை மேல்நோக்கி, நீர் வரும் திசையைப் பார்த்து வளைய வேண்டும் என்பது பாடசாலைப் புவியியலிலேயே கற்பிக்கப்படுவது. கணினி தானாக வரைந்த கோடுகள் மேற்கோடையின் பெரும்பகுதியில் கீழ்நோக்கி வளைந்திருந்தன. மென்பொருளின் வடிகட்டிகளைக் கூட்டியும் குறைத்தும் பார்த்ததில் மரங்களுடன் சேர்ந்து படிவயல்களின் வரம்புகளும் அழிந்தன. எனவே இரு ஓடைகளின் ஓரமாகவும் ஒரு பட்டையை ஒதுக்கி, அதற்குள் ட்ரோன் தந்த உயரங்கள் அனைத்தையும் நீக்கிவிட்டு, நிலத்தில் நடந்து அளப்பது என்ற முடிவு எடுக்கப்பட்டது. செலவு கூடும் என்று விவசாய அமைப்பில் சிலர் தயங்கினர். மேல்தேக்கத்தின் நீரேந்து பரப்பை (மழைநீர் வடிந்து தேக்கத்தில் சேரும் நிலப்பரப்பை) கணித்துக் காட்டிய பிறகே அவர்கள் இணங்கினர். கணிப்பின்படி அது 9 ஹெக்டேயர் மட்டுமே. முன்பு ஒக்டோபரில் வான் பாய்ந்ததாகச் சொல்லப்படும் தேக்கத்துக்கு அத்தனை சிறிய பரப்பு போதாது என்பதை எல்லோரும் ஒப்புக்கொண்டனர்.

ஓடைகளை நடந்து குறித்தல்

நடைக்கு மூன்று தரப்பினர் அழைக்கப்பட்டனர்: கிழக்கு வயல்காரர், மேற்கு வயல்காரர், லயங்களில் வசிக்கும் ஓய்வுபெற்ற தோட்டத் தொழிலாளர். மூன்றாவது தரப்பை அழைக்க வேண்டுமா என்ற கேள்வி எழுந்தது. அவர்களுக்கு அங்கே வயல் இல்லை. ஆனால் மேல்சரிவில் அன்றாடம் நடந்தவர்கள் அவர்களே. அவர்களுள் இளமையில் கான் (தோட்டத்து நீர்க்கால்) வெட்டும் வேலை செய்த முதியவர் ஒருவர், மேற்கோடையின் தலைப்பில் மானாப்புல்லுக்குள் நின்று, “இந்தக் கான் அடுத்த மலைக்குத் தண்ணி கொண்டுபோக வெட்டினது தம்பி. இங்க வர்ற மழைத்தண்ணியெல்லாம் மொடக்கச் சுத்திக்கிட்டு பெரிய தொட்டிக்குத்தான் போவும்” என்றார். பெரிய தொட்டி என்று அவர் குறித்தது மேல்தேக்கத்தை.

புல்லை வெட்டித் திறந்தபோது, கல் அடுக்கிய கரையுடன் ஒரு பெரிய கான் தெரிந்தது. மிக மெல்லிய சரிவில் அது மலைமுதுகைச் சுற்றி, மேற்கோடைக்குரிய நீரேந்து பரப்பின் மேற்பகுதியிலிருந்து கிழக்குப் பக்கம் சென்றது. எந்தத் தாளிலும் அது குறிக்கப்பட்டிருக்கவில்லை, வானிலிருந்தும் தெரியவில்லை. லெவல் கருவியால் அதன் அடித்தளம் முழுவதும் அளக்கப்பட்டது. இந்தக் கானுக்கு நீர் தரும் பரப்பைச் சேர்த்தபோது மேல்தேக்கத்தின் நீரேந்து பரப்பு 9 ஹெக்டேயரிலிருந்து ஏறத்தாழ 31 ஹெக்டேயராக உயர்ந்தது. முன்பு தேக்கம் எப்படி நிரம்பியது என்பதற்கு விடை கிடைத்தது.

இப்போது ஏன் நிரம்புவதில்லை என்பதற்கான விடை கானின் நடுப்பகுதியில் இருந்தது. அங்கே மண் சரிந்து கான் அடைபட்டிருந்தது. சரிந்த இடத்தைச் சமப்படுத்தி ஒருவர் கரட் பயிரிட்டிருந்தார். அடைபட்ட நீர் அந்த இடத்திலேயே கரையை உடைத்து, செம்மண் பள்ளமொன்றை அரித்துக்கொண்டு மேற்கோடைக்கே திரும்பியிருந்தது. மோட்டார்கள் மீது சுமத்தப்பட்ட பழியில் சிறு பங்கே உண்மை.

அந்தப் பள்ளத்தின் தலைப்பில் நிலவெடிப்புகளும் சாய்ந்த மரங்களும் வறட்சியிலும் ஈரம் கசியும் இடங்களும் காணப்பட்டன. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் நேர்ந்த மண்சரிவை இந்த மாவட்டத்தில் எவரும் மறக்கவில்லை. கீழே லயம் ஒன்று இருந்தது. ஆகவே நீர்வழிகளுக்காகத் தொடங்கிய நடையில் இந்த அறிகுறிகளும் ஆயங்களுடன் குறிக்கப்பட்டு, படத்தில் தனி அடுக்காகச் சேர்க்கப்பட்டன. அவற்றின் விபரம் கிராம உத்தியோகத்தர் ஊடாக, மண்சரிவு அபாயத்தைக் கவனிக்கும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மாவட்ட அலுவலகத்துக்கு அனுப்பப்பட்டது.

தேக்கங்களின் ஆழம்

நிலத்தின் வடிவம் நீரின் கீழும் தொடர்கிறது. வழக்கமான இடவிளக்கப்படம் நீர்மட்டத்தில் நின்றுவிடுகிறது. மூங்கிலும் பிளாஸ்ரிக் பீப்பாய்களும் கொண்டு கட்டிய மிதவையிலிருந்து, கரைக்குக் கரை கட்டிய கயிற்றில் சம இடைவெளிகளில் ஈயக்குண்டு இறக்கி நடுத்தேக்கம் அளக்கப்பட்டது. நீர்மட்டம் அணையிலுள்ள குறிக்கல்லுடன் இணைக்கப்பட்டதால் அடித்தளத்தின் உயரமும் மற்ற உயரங்களுடன் ஒரே வரிசையில் வந்தது. குண்டு நின்ற இடங்களில் இரும்புக் கம்பியைக் குத்தி, மெத்தென்ற வண்டலின் தடிப்பும் பதியப்பட்டது.

அணையடியில் 12 அடி ஆழம் என்று ஊரார் நம்பியிருந்தனர். அளந்தபோது 2.1 மீற்றர் நீரும் அதன் கீழே 1.3 மீற்றர் வண்டலும் இருந்தன. அதாவது நம்பிக்கை ஒரு காலத்தில் ஏறக்குறையச் சரியாகவே இருந்திருக்கிறது. பரப்பு 0.6 ஹெக்டேயர், சராசரி நீராழம் 1.1 மீற்றர் என்பதால் கொள்ளளவு சுமார் 6,600 கனமீற்றர். ஒரு ஹெக்டேயருக்கு ஒரு முறை 25 மில்லிமீற்றர் நீர் பாய்ச்ச 250 கனமீற்றர் தேவை. அதன் கீழுள்ள 18 ஹெக்டேயர் உருளைக்கிழங்கு நிலத்துக்கு ஒரு முறைக்கு 4,500 கனமீற்றர் வேண்டும். கசிவையும் ஆவியாதலையும் கணக்கில் எடுக்காவிட்டாலும் நிரம்பிய தேக்கம் ஒன்றரை முறைக்கே போதும். எஞ்சியது ஓடையின் தொடர்ந்த வரத்திலிருந்தே கிடைக்க வேண்டும். இந்தக் கணக்கு கூட்டத்தில் வாசிக்கப்பட்டபோது நீண்ட நேரம் விவாதம் நடந்தது. சிலர் கயிற்றையே சந்தேகித்தனர், அவர்கள் முன்னிலையில் சில இடங்கள் மீண்டும் அளக்கப்பட்டன.

படமும் அதன்மேல் எடுத்த முடிவுகளும்

இறுதிப் படம் 1:2,000 அளவுத்திட்டத்தில் வரையப்பட்டது. சரிவுகளில் 2 மீற்றர் இடைவெளியிலும், வயல்களில் அரை மீற்றர் இடைவெளியிலும் சமவுயரக்கோடுகள் இடப்பட்டன. நூற்றுக்கு 40 சரிவில் 2 மீற்றர் இடைவெளிக் கோடுகள் தாளில் 2.5 மில்லிமீற்றர் விலகியிருக்கும். அதைவிட நெருக்கினால் காணி எல்லைகளை வாசிக்க முடியாது. ஓடைகளின் அடி, கானின் அடி, படிவயல் வரம்பு ஆகியவை முறிவுக் கோடுகளாக (நிலத்தின் சரிவு சட்டென மாறும் கோடுகளாக) கொடுக்கப்பட்டு அதன் பின்னரே சமவுயரக்கோடுகள் கணிக்கப்பட்டன. இடப்பெயர்கள் தமிழிலும் சிங்களத்திலும் எழுதப்பட்டன.

குழாயின் பாதை முதலில் மாறியது. திட்டமிட்ட கோடு கடக்க வேண்டிய மலைக்கழுத்து (இரு மேடுகளுக்கு இடைப்பட்ட தாழ்ந்த முதுகு), மேல்தேக்கத்தின் மதகைவிட ஏறத்தாழ 3 மீற்றர் உயரமாக இருந்தது. ரேடார் தரவில் அது இல்லவே இல்லை. பழைய வண்டிப் பாதையை ஒட்டிக் குன்றின் விலாப்புறமாகச் சுற்றிச் செல்வது குழாயின் நீளத்தைக் கூட்டினாலும், மோட்டாரின்றி நீர் இறங்க வேறு வழி இருக்கவில்லை.

கானைத் திருத்துவது எளிதாக முடியவில்லை. கான் உடைந்ததிலிருந்து மேற்கு வயல்காரர்களுக்கு முன்பில்லாத நீர் கிடைத்துவந்தது. அதை இயற்கையான உரிமையாகவே அவர்கள் கருதினர். நிலத்தின் சரிவை மட்டும் பார்த்தால் அவர்கள் வாதத்தில் நியாயம் இருந்தது: அந்த நீர் பிறப்பால் மேற்கோடைக்குரியது. கிழக்கு வயல்காரர்களோ தலைமுறைகளாக வந்த நீர் என்றனர். கமநல சேவை நிலையத்தில் படத்தை விரித்து நடந்த கூட்டங்களில் நிலைமையை மாற்றியது வண்டலின் கணக்கே. உடைந்த இடத்திலிருந்து இறங்கும் பள்ளமே நடுத்தேக்கத்தை நிரப்பும் செம்மண்ணின் முக்கிய வழி என்பதைப் படத்தில் விரல் வைத்துக் காட்ட முடிந்தது. உமா ஓயா கொண்டுசெல்லும் வண்டல் ரன்டம்பே நீர்த்தேக்கத்தின் கொள்ளளவைக் குறைத்துவருவதை அங்கிருந்த பலர் அறிந்திருந்தனர். அதே செயல் தங்கள் தேக்கத்தில் நடப்பதை இப்போதே எண்ணில் கண்டனர்.

கானை முழுவதும் பழைய நிலைக்குக் கொண்டுவராமல், அதன் தலைப்பில் பங்கீட்டுப் பெட்டியொன்று கட்டுவது என்று இணக்கம் ஏற்பட்டது. வறட்சியின் சிறு ஓட்டம் மேற்கோடைக்கே இறங்கும். மழைக்கால ஓட்டம் குறித்த மட்டத்தைத் தாண்டினால் மட்டுமே கானுக்குள் பாயும். அந்த மட்டம் குறிக்கல்லுடன் இணைக்கப்பட்டு, உயரம் எழுத்தில் பதியப்பட்டது. கரட் பயிரிட்டவருக்கு அவருடைய அறுவடை முடியும்வரை அவகாசம் கொடுக்கப்பட்டது.

பின்னர் நடந்தவை

அடுத்த பருவமழையில் மேல்தேக்கம் நவம்பர் நடுப்பகுதியில் வான் பாய்ந்தது. ஒரு மழைக்காலத்தை வைத்து முடிவுசெய்ய முடியாது. அவ்வாண்டு மழையும் நன்றாகவே இருந்தது. குழாயின் முதற்பகுதி பதிக்கப்பட்டு நீர் இறங்குகிறது. மேற்கு வயல்காரர்கள் சிறுபோகத்தில் உருளைக்கிழங்கின் பரப்பைக் குறைத்து, எஞ்சிய நிலத்தில் போஞ்சி பயிரிட்டனர்; இந்த முடிவு படத்தைவிடக் கொள்ளளவுக் கணக்கால் வந்தது. செம்மண் பள்ளத்தில் கல் தடுப்புகள் இடப்பட்டன, ஆனால் மேல்தடுப்பு முதல் பெருமழையிலேயே சரிந்தது.

கான் செல்லும் நிலம் கம்பனியின் குத்தகையில் உள்ளது. தோட்ட முகாமை வாய்மொழியாக இசைவு தந்தது. எழுத்து மூலமான அனுமதி கிடைக்கவில்லை. முகாமையாளர் மாறினால் இந்த ஏற்பாட்டின் கதி என்ன என்ற அச்சம் இரு தரப்பு வயல்காரருக்கும் பொதுவானது.

அடுத்த முறை மாற்ற வேண்டியவை

இத்தகைய சரிவுகளில் பணியின் வரிசையையே மாற்ற வேண்டும் என்பது எம் கருத்து. நீர்வழிகளை முதலில் நடந்து குறித்து, எந்தப் பட்டையில் வான்படம் பயன்படாது என்பதைத் தீர்மானித்த பின்பே பறப்புகளைத் திட்டமிட வேண்டும். கைவிட்ட மலைகளில் புல் எரிந்தோ வெட்டப்பட்டோ இருக்கும் காலத்தைக் காத்திருந்து பிடிக்கலாம். தேயிலை மலைகளில் கவ்வாத்து ஆண்டு எது என்று தோட்டத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்வது கடினமல்ல.

வறட்சியில் ஒரு முறையும் கன மழையின்போது ஒரு முறையும் ஓடைகளைப் பார்க்க வேண்டும். எங்கே நீர் கரை தாண்டுகிறது என்பது காய்ந்த நிலத்தில் தெரியாது. இந்தப் பணியில் மழைக்கால நடை விவசாயிகளின் கைத்தொலைபேசிப் படங்களால் ஈடுசெய்யப்பட்டது. அவற்றில் இடம் தெளிவாகத் தெரிந்தவை மட்டுமே படத்தில் சேர்க்கப்பட்டன.

குறிக்கற்களின் பாதுகாப்பும் முன்கூட்டியே பேசப்பட வேண்டிய விடயம். நடுத்தேக்கத்தின் குறிக்கல், அதன் அணையைத் திருத்தும்போது பெயர்க்கப்பட்டது. மற்ற இரண்டும் இருந்ததால் அதன் உயரத்தை மீளப் பெற முடிந்தது. கீழ்த்தேக்கத்தின் வண்டல் இன்னும் அளக்கப்படவில்லை. வயலுக்கு நீர் விடும் காலம் முடிந்து, பெருமழை தொடங்குமுன் நீர்மட்டம் தாழ்ந்திருக்கும் செப்டெம்பர் மாதம் அதற்கெனக் குறிக்கப்பட்டுள்ளது. பங்கீட்டுப் பெட்டியின் மட்டமும் அப்போது இரு தரப்பினர் முன்னிலையில் மீண்டும் சரிபார்க்கப்படும்.